பாண்டியா, தஞ்சாவூரா?

வைகாசியில் கல்யாணம். ஆனி முழுக்கச் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் திரும்பி வந்தால் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. ஸ்ரீவர்ஷினி தன் புருஷன் கார்த்திகேஷோடு தனியாக இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு சினிமா இடைவேளைக்குக் காணாது.

வீடு அப்படி. செல்லூரில், ஆட்டோ நுழைந்தால் சைக்கிள் பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில், கீழே விசைத்தறி, மேலே குடித்தனம். புதுசாகக் கல்யாணம் கட்டியவர்களுக்கென்று ஹாலின் ஒரு மூலையைப் பிளைவுட்டால் மறித்து அறையாக்கிக் கொடுத்திருந்தார் மாமனார் ஜனகராஜ். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் மாமியார் நாகமணியும் படுப்பார்கள். இந்தப் பக்கம் வளையல் குலுங்கினால் அந்தப் பக்கம் இருமல் வரும். ஒருநாள் ஸ்ரீவர்ஷினி புருஷன் காதில், "நாளைக்கு என்ன கொழம்பு வைக்கலாம்?" என்று கிசுகிசுத்தாள்.

"கத்திரிக்கா கெடக்கு" என்று பிளைவுட் பதில் சொன்னது.

அந்த வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் தறி ஓடும்போது பேசினால்தான் உண்டு. டீ கொடுக்கிற சாக்கில் அவள் கீழே போவாள். அத்தனை தறியும் தடதடக்கும் நடுவில் அவன் காதுப் பக்கம் குனிந்து, "இன்னைக்கு இந்தச் சட்டை நல்லாருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவனும், "உன் பொட்டும்!" என்று பதிலுக்குக் கத்துவான். சாயங்காலம் இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கும். நாகமணி சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். பாவம், அவள் நெஞ்சுச் சளி என்று நினைத்தாள்.

தீபாவளி முடிந்தது. கார்த்திகை பிறந்ததும் தறிக்கு நாலு நாள் ஓய்வு விடுவது ஜனகராஜின் வழக்கம். தறி நின்றால் கத்தவும் முடியாது. அந்த நாலு நாளைத்தான் ஸ்ரீவர்ஷினி குறிவைத்தாள். எங்கேயாவது, சுவர் என்றால் செங்கல்லில் கட்டிய சுவர் இருக்கிற ஒரு ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு புருஷனோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஊரைப் பற்றி அவளுக்கு அக்கறை கிடையாது. ஆனால் ஊர் பேர் சொல்லாமல் வீட்டில் எப்படிக் கேட்பது?

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தமிழில். ஏசுவதற்குத் தமிழ்தான் தோது என்பது அந்த வீட்டின் முடிவு. சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்ரீவர்ஷினி சௌராஷ்டிரத்தில் பக்குவமாக ஆரம்பித்தாள். நாங்கள் ரெண்டு பேரும் பாண்டிச்சேரி போய்விட்டு வரலாமா என்று நினைக்கிறோம், அத்தை.

நாகமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாண்டிக்கா?" என்றாள், தமிழில்.

கார்த்திகேஷ் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனான்.

"பாண்டில என்ன இருக்கு?"

"கடல் இருக்கு அத்தை."

"கடல்ல என்ன இருக்கு? உப்புத் தண்ணி. நம்ம வீட்டு போர்லயே அதான வருது? குளிச்சுக்கிட்டுத்தான இருக்க?"

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஹம்சவேணி படியேறி வந்தாள். அடுத்த சந்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதால் வீட்டில் சண்டை தொடங்கினால் குழம்பு கொதிப்பதற்குள் வந்துவிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"பாண்டியா? எங்க வீட்டுக்காரரு சாயப் பவுடர் கம்பெனி மீட்டிங்குன்னு பாண்டிக்குப் போனாரே, ஞாபகம் இருக்கா? ஒத்தச் செருப்போட வந்தாரு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, மீட்டிங்லயே இருக்குங்காரு."

"கேட்டியா?" என்றாள் நாகமணி. "போதாததுக்குக் கடல்ல காத்தழுத்தம்னு டிவில சொல்லிக்கிட்டே இருக்கான். நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க போற ஊரா அது? போறதுன்னா தஞ்சாவூர் போங்க. பெரிய கோயில் இருக்கு, அரமனை இருக்கு. போட்டோ எடுத்தா நாலு பேருகிட்டக் காட்டலாம்."

ஸ்ரீவர்ஷினிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தஞ்சாவூரிலும் லாட்ஜ் இருக்கிறது. லாட்ஜுக்குச் சுவர் இருக்கிறது. மதுரைக்காரி கோபுரம் பார்க்கத் தஞ்சாவூர் போவது கொஞ்சம் கோமாளித்தனம்தான் என்றாலும், கோயிலை வெளியில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிடலாம். முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு, "சரிங்கத்தை, நீங்க சொன்னாச் சரி. தஞ்சாவூரே போறோம்" என்றாள்.

நாகமணியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு அவள் சொன்ன அடுத்த வாக்கியம்தான் வினை.

"நாங்களும் வாரோம்."

"அத்தை?"

"சமயபுரத்துக்கு எனக்கு ஒரு நேத்தி பாக்கி கெடக்கு. போற வழியில ஸ்ரீரங்கம். ஒரு வேன் பிடிச்சா எல்லாரும் போயிரலாம். ஹம்சா, ஒங்க வீட்டுக்காரரையும் கூப்புடு. கோச்சடைல சம்பந்தியம்மாகிட்டயும் சொல்லிரு, அவங்களும் பாவம், எங்க போறாங்க வாராங்க?"

ஆக, பாண்டி என்றால் போக விடமாட்டார்கள். தஞ்சாவூர் என்றால் போக விடுவார்கள், கூடவே வருவார்கள். பிளைவுட்டாவது ஒரு பக்கம்தான் இருந்தது. வேனில் நாலு பக்கமும் சொந்தக்காரர்கள்.

மறுநாளே ஸ்ரீவர்ஷினி கட்சி மாறினாள். "எனக்குப் பாண்டிதான் அத்தை வேணும்" என்றாள், அவளும் தமிழில். கல்யாணமாகி வந்த பிறகு அவள் அந்த வீட்டில் பேசிய முதல் சண்டைத் தமிழ். ஜனகராஜ் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மாமியாரும் மருமகளும் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்த்திகேஷை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவன் அம்மாவிடம் போய்த் தஞ்சாவூர் என்றான், பெண்டாட்டியிடம் வந்து பாண்டி என்றான். ரெண்டையும் மனதாரத்தான் சொன்னான்.

மூன்றாம் நாள் நாகமணியே இறங்கி வந்தாள்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை? அழகர்கோவில் போவோம். கருப்பு முன்னால பூப் போட்டுப் பாப்போம். செகப்பு வந்தா தஞ்சாவூர். வெள்ள வந்தா பாண்டி. நீயும் அவனும் மட்டும் போங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

இதை மறுக்க மதுரைப் பக்கத்தில் எவருக்கும் வாய் வராது. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு சாதாரணச் சாமி இல்லை. சிலை கிடையாது, சாத்திய கதவுதான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கும். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் ஊர் திரும்பமாட்டான் என்று, கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனே நம்புகிறான். ஸ்ரீவர்ஷினி ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பெண்களும் பஸ் ஏறினார்கள். வீட்டிலேயே பூவை இலையில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள் நாகமணி. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் நந்தியாவட்டை என்றாள். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு பொட்டலமும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. கதவுக்கு முன்னால் கல்தரையில் போட்டுவிட்டு, மொட்டை போட வந்திருந்த யாரோ ஒருவரின் கைக்குழந்தையைக் கேட்டு வாங்கி இறக்கிவிட்டார்கள். அது ஒரு பொட்டலத்தை எடுத்து நேராக வாயில் வைத்தது. பிடுங்கிப் பிரித்தார்கள்.

சிவப்பு.

"கருப்பு சொல்லிட்டான்" என்று நாகமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹம்சவேணிக்குக் கண் கலங்கியே விட்டது. ரெண்டு பேரும் சூடம் ஏற்றப் போனார்கள்.

ஸ்ரீவர்ஷினி குனிந்து, தரையில் மிஞ்சிக் கிடந்த பொட்டலத்தை எடுத்தாள். கிடைக்காமல் போன பாண்டியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். வேறு எண்ணம் இல்லை. நூலை அவிழ்த்தாள்.

அதிலும் சிவப்பு அரளி.

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன் மலைப்புத்தான் வந்தது. கருப்பு முன்னாலேயேவா? பொட்டலத்தைத் திரும்ப மடித்து, நூல் சுற்றி, ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள். அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நாகமணி அழுவாள், ஹம்சவேணி கத்துவாள், கூட்டம் கூடும், கடைசியில் மாமியாரைச் சந்தியில் நிறுத்தியவள் என்ற பேர்தான் மிஞ்சும். பஸ்ஸில் திரும்பும்போது ஸ்ரீவர்ஷினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். அதுவரை அவள் நாணயமாகத்தான் ஆடியிருந்தாள். இனிமேல் அதற்கு அவசியமில்லை என்று பட்டது.

வேன் காசிமாயனுடையது. திங்கள் விடியக் கிளம்புவதாகப் பேச்சு. ஞாயிறு காலை நாகமணி புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவர்ஷினி அடுப்படி வாசலுக்கு வெளியே, நிலைப்படியைத் தொடாமல் வந்து நின்றாள்.

"அத்தை, நான் உள்ள வரல. வீட்டுக்குத் தூரமாயிட்டேன்."

அந்த வீட்டில் மாதவிலக்கு என்றால் மூன்று நாள் அடுப்படி கிடையாது, பூசை அறை கிடையாது, கோயில் பக்கமே போகக்கூடாது. நாகமணி போட்ட சட்டம்தான். அவளுடைய கை புளிக்குள் அப்படியே நின்றது.

"நாளைக்குக் கோயிலுக்குக் கெளம்பணும். இன்னைக்கா?"

"நான் என்னத்தை செய்ய? நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்ல ஒரு மூலையில கெடக்கேன்."

"தனியாவா? கோச்சடைக்கு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

"அம்மா நம்ம வேன்லல்ல வாராங்க? நீங்கதான கூப்ட்டீங்க."

நாகமணி உதட்டைக் கடித்தாள். உடனே காசிமாயனுக்குப் போன் போட்டாள். மூன்று நாள் தள்ளிப் போகலாமா?

"யக்கா, அது ஆகாது" என்றான் அவன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஸ்ரீவர்ஷினிக்கும் கேட்டது. "வியாழக்கெழமைல இருந்து ஐயப்பசாமிக புக் பண்ணிட்டாக. நாளைக்கு விட்டா அப்புறம் தை பொறந்துதான் வண்டி. எப்புடி வசதி?"

போனை வைத்துவிட்டு நாகமணி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கிற மாமியாருக்குக் காலண்டர் தேவையில்லை, எல்லாக் கணக்கும் மனதிலேயே ஓடும்.

"நீ தீபாவளி கழிச்சுத்தான தலைக்கு ஊத்துன? அதுக்குள்ளயா?"

"நாள் மாறிருச்சு அத்தை. மனசு சரியில்லாட்டி அப்படி ஆகுமாம்."

"ஆகும், ஆகும்." நாகமணி கையை உதறிவிட்டு எழுந்தாள். சௌராஷ்டிரம் போய்த் தமிழ் வந்தது. "கருப்பு மேல சத்தியம் பண்ணு."

ஸ்ரீவர்ஷினி கண்ணைத் தாழ்த்தினாள். அடக்கமான மருமகள் கண்ணைத் தாழ்த்துவது போலத்தான் இருந்தது.

"பண்றேன் அத்தை. இங்க நின்னு எதுக்கு? அழகர்கோவிலுக்கே வாரேன். தூரமா இருந்தாலும் எல்லைக்கு வெளிய நின்னு பண்றேன். அன்னைக்குக் குழந்தை எடுக்காம விட்ட இன்னொரு பொட்டலம் எம் பேக்லதான் இருக்கு. அதையும் எடுத்துட்டு வாரேன். நீங்களும் ஒரு சத்தியம் பண்ணுங்க. ரெண்டையும் கருப்பு ஒண்ணாக் கேட்டுக்கிரட்டும்."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. நாகமணி அதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி எண்ணெயைப் பார்த்தாள். கடுகை அள்ளிப் போட்டாள். அது வெடித்து அடங்கியது.

"வேணாம்" என்றாள். "ஒடம்பு சொகமில்லாதவ எதுக்கு அலையணும்? நீ ரெஸ்ட் எடு."

"அவரு?"

"அவன் மட்டும் ஒத்தையா வந்து என்ன பண்ணப்போறான்? துணைக்கு நிக்கட்டும்." கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். "அந்தப் பொட்டலத்தத் தூக்கிப் போட்டுரு. வாடுன பூவ வீட்ல வச்சுக்கக் கூடாது."

"சரிங்கத்தை."

ஸ்ரீவர்ஷினி அன்று முழுக்க மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் சிரித்த சிரிப்பை வயிற்று வலி என்று நினைத்த மாமனார் வெந்நீர்ப் பை வாங்கிவந்து கொடுத்தார்.

திங்கள் விடிகாலை. சந்து முனையில் வேன் நின்றது. கோச்சடை அம்மா ஜன்னலிலிருந்து மகளைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். ஹம்சவேணி குடும்பம் பின் சீட்டை நிறைத்தது. குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு ஜனகராஜ் டிரைவர் பக்கத்து சீட்டில் முதல் ஆளாக ஏறி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவர்ஷினியும் கார்த்திகேஷும் வாசலில் நின்றார்கள். காசிமாயன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு ஏறினான்.

நாகமணி வேன் படியில் ஒரு கால் வைத்து நின்றாள். திரும்பி, வாசலில் நின்ற ரெண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தாள். தோற்ற மாமியாரின் பார்வையாக அது தெரியவில்லை.

"ஏங்க" என்றாள் புருஷனிடம். "நீங்க எறங்குங்க."

"நானா?"

"சின்னஞ்சிறுசுகளத் தனியா விட்டுட்டா போறது? ஆம்பளன்னு ஒருத்தரு வீட்ல வேணும்ல? எறங்குங்க."

"அப்ப கார்த்தி யாரு?"

"எறங்குங்கன்னா."

ஜனகராஜ் குல்லாவோடு இறங்கினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வேன் போனது. ஜன்னல் வழியாக நாகமணி கையாட்டினாள். ஸ்ரீவர்ஷினியும் ஆட்டினாள். ஆட்டிய கையால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வாயை மூடிக்கொண்டாள். பாண்டி போச்சு, தஞ்சாவூர் போச்சு, மிச்சம் வந்தது மாமனார். பிளைவுட்டில் பாதி.

கார்த்திகேஷ் இட்லி வாங்கக் கடைக்குப் போனான். அவள் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஜனகராஜ் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு லெதர் பையோடு நின்றார். குல்லா இல்லை.

"வர்ஷினி, நம்ம அழகுமலை இருக்கான்ல, என்கூட ஸ்கூல்ல படிச்சவன்? அவன் நூல் விஷயமா ஒரு பார்ட்டியப் பாக்கக் கூப்புடுறான். நானும் இந்தா போயிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டேன்."

"எந்த ஊருக்கு மாமா?"

அவர் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார். "கெழக்குப் பக்கம்."

"கெழக்குன்னா?"

"கடலூர் தாண்டி."

கடலூர் தாண்டினால் என்ன ஊர் என்று செல்லூரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவர்ஷினி எழுந்து நின்றாள். சிரித்துவிடக் கூடாது என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன நாள் மாமா ஆகும்?"

"வேன் வர்றதுக்குள்ள வந்துருவேன். நாப்பது வருசமா நானும் கேட்டுப் பாத்துட்டேன் தாயி, உப்புத் தண்ணில என்ன இருக்குங்குறா." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அத்த போன் பண்ணுவா."

"தூங்குறீங்கன்னு சொல்றேன்."

"எப்பப் பாத்தாலும் தூங்குனா சந்தேகப்படுவா."

"கொஞ்ச நேரம் குளிக்கிறீங்க. கொஞ்ச நேரம் அழகுமலை மாமாவோட டீக்கடைக்குப் போயிருக்கீங்க. நான் பாத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் மாமா."

"சொல்லு."

"செருப்பு ரெண்டும் பத்திரம்."

ஜனகராஜ் படியிறங்கினார். அறுபத்திரண்டு வயது மனிதர் அந்தச் செங்குத்துப் படியில் அவ்வளவு வேகமாக இறங்கி அவள் பார்த்ததில்லை.

கார்த்திகேஷ் இட்லிப் பொட்டலத்தோடு வந்தான். அப்பா வேலையாகக் கிளம்பிவிட்டார் என்றதும் தலையாட்டிக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, ஒரு பாயையும் தலையணையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போற?" என்றாள். ஆள் இல்லாத இடத்தில் அவனை அவள் நீ என்றுதான் சொல்வாள். அந்த நீ எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்திருந்தது.

"கீழ தறிகிட்டப் படுத்துக்கிறேன். மூணு நாள் தள்ளி இருக்கணும்ல? அம்மா இல்லேன்னாலும் மொறைன்னு ஒண்ணு இருக்கே."

ஸ்ரீவர்ஷினி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த ஆளுக்காகவா இவ்வளவும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலம், சிவப்பு அரளி, தூரம், அடுப்படி, சத்தியம், கிழக்குப் பக்கம் போன மாமனார். கேட்கக் கேட்க அவன் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. பாய் கக்கத்திலிருந்து நழுவித் தரையில் விரிந்தது.

"அப்ப நீ தூரமே இல்லையா?"

"இல்ல."

"கருப்பு பேரச் சொல்லி வெளையாடியிருக்கீங்க ரெண்டு பேரும். சாமி குத்தமாயிராதா?"

"ஆகும். உங்கம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. உனக்கு ஒண்ணும் இல்ல. நீ போயி கீழ்க் கதவச் சாத்திட்டு வா."

அவன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினான். அந்த வீட்டின் தெருக்கதவைப் பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. அவன் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு விருமாண்டி பல்லில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பட்டப்பகல்ல கதவச் சாத்துற? ஊருக்குப் போகலயா?"

"போயிட்டோம்ணே" என்றான் கார்த்திகேஷ். தாழ்ப்பாள் விழுந்தது.